அடிக்க வேண்டிய எழுத்து

ஆண்களுக்கே கவனம் கூர்மை என்று, பரீட்சைக்கு முன்பே கட்டுரைக்குத் தலைப்பு எழுதிவிட்டவர் புரொபசர் ஸ்ரீகண்டன். கரமனையில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அந்தப் பரீட்சையை எழுதினார்கள். அச்சடித்த ஒரு பக்கத்தில் ‘த்’ என்ற எழுத்தை மட்டும் தேடிக் கோடிட்டு அடிக்க வேண்டும்.

உதவியாளர் லலிதாம்பாள் இரண்டு மதிப்பெண் தாள்களையும் மேஜைமேல் வைத்தாள்.

“சராசரி பார்த்தா ரெண்டாவது தாள்தான் முன்னால நிக்கறது, ஸார்.”

அவர் முதல் தாளின் தலைப்பைப் பார்த்தார். “ஸ்ரீ... நம்ம ஆண்களா பின்னால? சராசரியே தப்பான முறையாக்கும். ஒருத்தன் தூங்கினா எல்லாரையும் கீழே இழுத்துடும். மார்க்கை வரிசையா வச்சு நடுவிலே இருக்கறதை எடு.”

“அதுலயும் ரெண்டாவதுதான்.”

“அப்போ ஒண்ணுகூட விடாம அடிச்சவா எத்தனை பேர்னு எண்ணு!”

“அதுல முதல் தாள், ஸார். பன்னிரண்டு பேர். மத்ததுல ஏழுதான்.”

“அதாக்கும் சயன்ஸ்! இந்த முறை ஒண்ணுதான் சரின்னு எழுது.”

எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை லலிதாம்பாள் காத்திருந்தாள்.

“ஆண்கள் ஜெயிச்சது சராசரியிலே, ஸார். முதல் தாள் ‘ஸ்ரீ’ இல்லை, ‘ஸ்த்ரீ’. நடுவிலே ஒரு ‘த்’ இருக்கு, பாருங்கோ.”