நாலு அங்குலம்

உட்கார இடமில்லாத வண்டிக்குத்தான் இப்போது விலை கூட. விற்கிறவனுக்கும் வெட்கமில்லை, வாங்குகிறவனும் கேட்பதில்லை.

நாங்களெல்லாம் பைக் வாங்கப் போனால் முதலில் சீட்டைத் தட்டிப் பார்ப்போம். இந்தக் கடையில் ஏழு வண்டி நின்றது. தட்டிப் பார்க்க ஒன்றிலும் சீட் இல்லை.

கடைக்காரி கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். "இது டிரையல்ஸ் வண்டி, தாத்தா. உக்காரக் கூடாது. நின்னுக்கிட்டே பாறை, மரக்கட்டை எல்லாம் ஏறணும். கால் தரையில பட்டா ஒரு தப்பு. விழுந்தா அஞ்சு."

"அதெல்லாம் தெரியும். தாத்தான்னு கூப்பிட எனக்கு ஆள் இருக்கு. நீ வண்டியைக் காட்டு."

ஆள் என்று சொன்னது என் பேத்தியை. பதினைந்து வயது. அவளுக்கு இதுதான் முதல் வண்டி.

பதினைந்து நாள் தோழியின் சிவப்பு வண்டியில் பழகினாள். பிறகு தோழி வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதே மாதிரி ஒன்று மூலையில் நின்றது. நான் நேராக அதனிடம் போனேன்.

"அது வேண்டாம். பழகினவங்களுக்கு உள்ளது. கிளட்ச்சை ஒரு நூல் வேகமா விட்டா ஆளைத் தூக்கி அடிச்சிரும்."

விற்கிறவர்கள் ஒன்றை வேண்டாம் என்றால், இன்னொன்று விற்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். என்னிடமா.

நினைத்தபடியே ஒரு நீல வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பழசு. எஞ்ஜின் சின்னது, எடை குறைவு, இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றும் என்றாள். குனிந்து பார்த்தேன். எஞ்ஜினுக்கு அடியில் இருந்த தகடு நெளிந்திருந்தது.

"அடி வாங்கின வண்டியை என் தலையில கட்டப் பாக்குறியா?"

"பாறை மேல இறங்குற வண்டி, நெளியாம எப்படி இருக்கும்? நெளியலைன்னாதான் நீங்க சந்தேகப்படணும்."

வாய்க்காரி. பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

"பேத்தி என்ன உயரம்?"

"என் காது வரைக்கும் இருப்பா."

"எப்ப பாத்தது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷத்துல பிள்ளைங்க வளராதா? கூட்டிட்டு வாங்க, ஏறி நிக்கட்டும். ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன்."

"அவளுக்குப் பள்ளிக்கூடம்" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். நான் கொத்தனார். சோறு இல்லாமல் வெளியே போயிருக்கிறேன், டேப் இல்லாமல் போனதில்லை. தரையில் முட்டி போட்டு, சிவப்பு வண்டியில் கால் வைத்து நிற்கும் கட்டையின் உயரத்தை அளந்தேன். பிறகு நீல வண்டியில் அளந்தேன். நீலம் நாலு அங்குலம் கம்மி.

மறுபடியும் அளந்தேன். நாலு அங்குலம்தான்.

"எல்லாரும் எஞ்ஜினைக் கேப்பாங்க, பிரேக்கைக் கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் கால் கட்டையை அளக்குறீங்க" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. சிவப்பு வண்டியில் அவள் விழுந்த நாள் நினைவுக்கு வந்தது. எஞ்ஜின் உறுமியது, ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில் என் கைக்கு அகப்பட்டது செங்கல்தான். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கழித்து "அஞ்சு" என்று அவளே எண்ணிக்கொண்டது கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"நீலத்தையே அனுப்பு" என்றேன்.

மருமகளிடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. பிள்ளையின் தாய்மாமன் வாங்கிக் கொடுத்ததாக இருக்கட்டும். நான் என்று தெரிந்தால் என் மகன் வண்டியை வாசலோடு திருப்பி அனுப்புவான். அந்த ரோஷம் என்னிடமிருந்து அவனுக்குப் போனதுதான்.

என் வீட்டுக்கு அடுத்தது என்று நான் அடையாளம் சொல்ல, கடைக்காரி மகன் வீட்டு விலாசத்தை எழுதினாள். "உங்க வீட்டுக்குப் பக்கத்து வீடா? அப்ப நீங்க தினம் பாக்கலாம், தாத்தா."

நடுவில் சுவர் இருக்கிறது.

மகனோடு வாய்ச்சண்டை முற்றின மறுநாள் அதைக் கட்ட ஆரம்பித்தேன். மூன்று நாளில் முடித்தேன், ஆள் வைக்காமல். என் தலைக்கு மேலே இரண்டு வரிசை உயர்த்தினேன். ஆயுசில் அவ்வளவு நேராக ஒரு சுவர் நான் கட்டியதில்லை.

இரண்டு வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் மட்டும்தான் வந்தது. சிவப்பு வண்டி வந்த பிறகு, அவள் நின்றுகொண்டு கடக்கும்போது சுவருக்கு மேலே ஹெல்மெட் தெரிந்தது. அதற்குக் கீழே கண்ணும் தெரிந்தது. ஒரு தடவை அந்தக் கண் என் பக்கம் திரும்பியது. உடனே "ஒண்ணு" என்றாள். காலை ஊன்றிவிட்டாள் போலிருக்கிறது.

நீல வண்டியில் ஹெல்மெட்டின் உச்சி தெரியும். அவ்வளவுதான்.

நாலு அங்குலம் என்பது சாந்தோடு சேர்த்து ஒரு வரிசைச் செங்கல். எடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். சொல்வது சுலபம். வைத்த கை எடுக்க வேண்டுமே.

"நல்ல முடிவு எடுத்தீங்க" என்றாள் கடைக்காரி.

நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

இப்போதும் சொல்கிறேன், அந்தச் சிவப்பு வண்டிதான் நல்ல வண்டி.