பலகை இடுக்கு

"உங்கம்மா பலகை இடுக்குல கண்ணை வெச்சுப் பாக்கறாங்க. நானே பார்த்தேன்."

கல்யாணமாகி மூன்றே வாரம். ஜெபசீலி இதைச் சொன்னதும் அற்புதராஜ் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"அம்மா அப்படிப்பட்டவங்க இல்ல."

"அப்போ நான் பொய் சொல்றேனா? நேத்து மத்தியானம் கிணத்துக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன், இடுக்குல ஒரு கண்ணு. 'அத்தை'ன்னு கூப்பிட்டேன். கையை முந்தானையில மறைச்சுக்கிட்டு நவுந்துட்டாங்க."

அற்புதராஜ் பலகைத் தடுப்பைப் பார்த்தான். கிருஷ்ணகிரியில் மாங்காய்ப் பெட்டி அடிக்கிற பட்டறையில் அவனுக்கு வேலை. கல்யாணத்துக்கென்று வீட்டில் இருந்த ஒரே அறையை இரண்டாக்க, பட்டறையிலிருந்து ஈரம் காயாத மாம்பலகையைக் கொண்டுவந்து அவசரமாக அடித்துவிட்டான். அறுபத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை வெயில் சும்மா விடுமா? பலகைகள் சுருங்கி, நெடுக நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டுவிட்டன. இந்தப் பக்கம் புதுப் பெண்டாட்டி, அந்தப் பக்கம் அம்மா பவுலினா.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள தனி வீடு பாருங்க. இல்லன்னா நான் சேலத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"மொதல்ல இடுக்கை அடைக்கலாம் ஜெபசீலி. அவங்களுக்கு நான் ஒரே பிள்ளை."

இந்த ஆளை நம்பினால் காரியம் ஆகாது என்று அவளே கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் மாமியாரை மனசுக்குள் வறுத்தெடுத்தாள். பெற்ற மகன் குடித்தனத்தை எட்டிப் பார்க்கிறவளும் ஒரு பொம்பளையா?

சென்னப்பனின் ஆணிக்கடையில் கூட்டம் இல்லை.

"பலகைத் தடுப்புங்க. சின்னச் சின்ன இடுக்கு. என்ன வெச்சு அடைச்சா நிக்கும்?"

"மாம்பலகையா?"

"ஆமாங்க."

"சுண்ணாம்பு வேணாம்மா, காஞ்சா உதிரும். மெழுகு வெயிலுக்கு உருகும். சிமெண்ட் மரத்துல ஒட்டாது. மக்கு வாங்கிக்குங்க. சீமைச் சுண்ணாம்புப் பொடியை ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைஞ்சது. பலகை கொஞ்சம் அசைஞ்சாலும் விடாது."

"நிச்சயமா நிக்குமா?"

"இந்த வாரம் பூரா எனக்கு இதே பாடந்தாம்மா. ஒரு அம்மா சுண்ணாம்பு வெச்சுப் பார்த்து, மெழுகு வெச்சுப் பார்த்து, கடைசியா நேத்து சாயங்காலம் மக்கு வாங்கிட்டுப் போனாங்க. அவங்க பையனும் பச்சை மாம்பலகையில தடுப்பு அடிச்சுட்டானாம். 'மருமவ வெளிய போற நேரமாப் பார்த்து, வெளிச்சம் வர்ற இடத்தையெல்லாம் கண்ணை வெச்சுத் தேடித் தேடி அடைக்கறேன். இடுக்கு இருக்கறது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு கூசிப்போயிடும்'னாங்க."

ஜெபசீலி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

சென்னப்பன் பேசிக்கொண்டே டப்பாவைத் திறந்தார். "மக்கு காய நாலு நாள் ஆகும்னேன். 'ஆகட்டும், கல்யாணம் ஆன நாள்லருந்து நான் சமையக்கட்டுலதான் படுத்துக்கறேன். அவங்க முழிக்கறதுக்குள்ள பாயைச் சுருட்டிடுவேன்'னாங்க. சரி, உங்களுக்கு எவ்வளவு போடட்டும்மா?"

வழியில் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் இப்போது அவளையே சுட்டது.

"வேணாங்க. எங்க அத்தை நேத்தே வாங்கிட்டாங்க."