பெயர் எழுதத் தேவையில்லை

"எழுதினது யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

அதிகாரி மேசையில் தட்டிய தட்டில் பேனா உருண்டு கீழே விழுந்தது. எதிரே ஆறு ஊழியர்களும் வரிசையாக நின்றார்கள். குனிந்து அதை எடுக்கக்கூட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

எல்லாம் அந்தப் புதுச் சட்டத்தால் வந்த வினை. அரசு ஊழியர்களின் மனம் வாடக் கூடாதாம். அதிகாரி எப்படி நடந்துகொள்கிறார் என்று படிவத்தில் பெயர் போடாமல் எழுதி அனுப்பலாமாம். புகார் வந்தால் அவருடைய பதவி உயர்வு அப்படியே நின்றுவிடும். எழுதியவரே முன்வந்து வாபஸ் வாங்கினால்தான் உண்டு.

பதினோரு வருடம் காத்திருந்த பதவி உயர்வு. நாளை பட்டியல் வெளியாகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

தலைமை அலுவலகம் டைப் செய்து அனுப்பியிருந்த புகார் நகலை அதிகாரி உரக்கப் படித்தார். "'கார் சத்தம் கேட்டாலே பயம் பிடித்துக்கொள்கிறது. எதைச் செய்தாலும் குற்றம். நாலு பேர் முன்னால் முட்டாள் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னும் பயம்.' கேட்டீங்களா? ரெண்டே ரெண்டு ஞாயிறு வேலைக்குக் கூப்பிட்டேன். அதுக்கு இந்தப் பேச்சு!"

"சார், நாங்க யாரும்..." என்று இழுத்தார் தலைமை எழுத்தர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது அவருக்கு.

"நீங்க வாயை மூடுங்க! வயசுக்கு மரியாதை குடுத்து வச்சிருக்கேன்."

அதிகாரியின் பார்வை தபால் பிரிவுப் பெண்ணிடம் வந்து நின்றது. போன மாதம் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் அவள் ஒருத்திதான். அந்த ஒரு வார்த்தை இன்னும் அவர் நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

"உன் வேலைதானே இது? சாயங்காலத்துக்குள்ள வாபஸ்னு எழுதிக் குடு. இல்லேன்னா உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன். கைக்குழந்தையைத் தூக்கிட்டு அலை!"

குழந்தையைப் பற்றிச் சொன்னதும் அவள் முகம் சிவந்துவிட்டது. மூன்று வருடமாக விழுங்கி விழுங்கி வைத்த கோபம்.

"ஆமா சார், எழுதினேன். இதைவிட மோசமாவே எழுதினேன். நாங்க ஆறு பேரும்தான் எழுதினோம்."

"பார்த்தீங்களா! வாயாலேயே ஒத்துக்கிட்டா!"

"ஆனா ஒண்ணுகூடப் போகலை சார். உங்க கையெழுத்து இல்லாம ஒரு கவரும் வாசலைத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க? மூணு வாரமா உங்க மேசையிலதான் கிடக்கு."

அதிகாரி கோப்புக் குவியலைக் கலைத்தார். அடியில், ஒட்டியது ஒட்டியபடி ஆறு கவர்கள். எண்ணிப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார்.

பிறகு சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"அப்ப இது நம்ம ஆபீஸே இல்ல! எவனோ ஒருத்தன் ஆபீஸ் புகாரை என் தலையில கட்டியிருக்கானுங்க. நம்பரைப் பாரு, யாருக்குப் போன படிவம்னு சொல்லு. அவன்கிட்டயே வாபஸ் வாங்கிடலாம்."

அவள் நகலை வாங்கி, மேலே இருந்த படிவ எண்ணைத் தன் பதிவேட்டோடு ஒப்பிட்டாள். கோபம் இறங்கி, முகத்தில் வேறு ஏதோ வந்தது. அது இரக்கம்தான்.

"சட்டத்துல எட்டாவது பிரிவை நீங்க படிக்கலை போல சார். அதிகாரிங்களைப் பத்தி ஆபீஸுக்கு வெளியில இருக்கறவங்க எழுத தனியா ஒரு படிவம் இருக்கு. தலைமை அலுவலகமே நேரா தபால்ல அனுப்பிடும். விலாசம் மட்டும் என்கிட்ட வாங்கிட்டு, படிவ நம்பரைக் குறிச்சுக்கச் சொன்னாங்க."

"யார் விலாசம்?"

அவள் நகலை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"வாபஸை உங்க சம்சாரம்தான் எழுதிக் குடுக்கணும், சார்."