பதினாறு துணி

"மாமி, அலுமாரிக்கை மூண்டு பைக்கற் பம்பர்ஸ் சும்மா கிடக்கு. பிறகேன் இந்தத் துணியளோடை மாரடிக்கிறம்?"

ஜொய்சி கேட்டுவிட்டுப் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறந்து நாற்பத்திரண்டு நாள். அன்று விடிந்ததிலிருந்து அது நனைத்தது ஐந்தாவது துணி.

"கிடக்கட்டும். பயணம் கியணம் போகேக்கை உதவும்," என்றாள் சிவக்கொழுந்து, கிணற்றடியில் துணியை அலசியபடி.

"பயணமோ? இந்த அனலைதீவை விட்டு நான் எங்கை போறன்?"

சிவக்கொழுந்து தண்ணீரை இன்னும் பலமாக ஊற்றினாள். கணவன் தர்சனிடம் போய்ச் சொன்னாலும் பயனில்லை. "ரெண்டு பேர் சொல்லுறதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவன் ஊர்காவற்றுறைக் கந்தோர் வேலைக்குப் படகேறிவிடுவான். நல்ல பிழைப்பு!

நான்கு பழைய வேட்டிகளைக் கிழித்துப் பதினாறு துணி செய்தவள் மாமிதான். அதையாவது பொறுக்கலாம். அந்தக் கொடியைத்தான் ஜொய்சியால் பொறுக்க முடியவில்லை. பின்வளவில் நல்ல வெயில் விழுகிற இடம் இருக்க, மாமி வீட்டுக்கு முன்னால், கடற்கரைப் பக்கம், இரண்டு பனைகளுக்கு நடுவே புதுக் கயிறு கட்டியிருந்தாள்.

"கடல்காத்திலை துணியெல்லாம் உப்பூறி அப்பளம் மாதிரி விறைக்குது மாமி. பின்வளவிலை கட்டினால் என்ன?"

"பின்வளவிலை காத்துப் பிடிக்காது."

"பிடிக்காதோ? நேற்றுத் தகரமே ஆடினது!"

"நீ பிள்ளையைப் பார். துணியை நான் பாக்கிறன்."

இன்னொரு கூத்தும் உண்டு. பத்துத் துணிதான் நனைந்திருந்தாலும், மீதி ஆறையும் தண்ணீரில் நனைத்துப் பதினாறையும் வரிசையாகப் போட்டால்தான் மாமிக்குத் திருப்தி. பேரன் பிறந்த பெருமையை ஊருக்குக் காட்டுகிறாள் என்று ஜொய்சி முடிவு கட்டியிருந்தாள்.

"துணியிலை வளருற பிள்ளை நல்லா வளரும்," என்றாள் மாமி. "உன்னையும் உன்ரை அப்பா துணியிலைதானே வளர்த்தவர்?"

ஜொய்சியின் கண் சட்டென்று கலங்கிவிட்டது.

"வளர்த்து என்ன? நாப்பது நாள் கழிஞ்சும் பேரனை எட்டிப் பாத்தவரே?"

அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் கண்ணை மூடிவிட்டாள். ஊர்காவற்றுறையில் கடற்தொழில் செய்துகொண்டு பஸ்ரியாம்பிள்ளை தனியாளாக வளர்த்தார். கிறிஸ்தவப் பெண்ணான அவள் சைவக்காரப் பெடியனைக் கட்டிய அன்று, "அந்தத் தீவிலை என்ரை கால் படாது" என்றவர்தான். பிள்ளை பிறந்ததும் படம் அனுப்பினாள். அதற்கும் ஒரு சொல் வரவில்லை.

"வருவார் பிள்ளை," என்றாள் மாமி.

"ஓம், வருவார்! நீங்கள்தான் பாத்துக்கொண்டிருங்கோ."

அடுத்த நாள் மடத்துவெளியில் தங்கை மகளின் கலியாணத்துக்குச் சிவக்கொழுந்து புறப்பட்டாள். தர்சன் லீவு போட்டுக்கொண்டு வீட்டில் நின்றான்.

"ரெண்டு நாளிலை வந்திடுவன். துணியளைத் தோய்ச்சு முன்கொடியிலை போடு. மறந்திடாதை, முன்கொடி," என்று வாசல் படலையில் நின்றும் ஒருமுறை சொன்னாள்.

படகு கரையை விட்டதுதான் தாமதம், ஜொய்சி அலுமாரியைத் திறந்தாள். இரண்டு நாளும் பம்பர்ஸ்தான். பிள்ளையும் நன்றாகத் தூங்கியது, தாயும் தூங்கினாள். கொடி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை முதற்படகில் மாமி வந்து இறங்கினாள். கொடியைக் கண்டதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"ரெண்டு நாளும் போடேல்லையே?"

"பம்பர்ஸ் போட்டனான் மாமி. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை."

"ஐயோ பிள்ளை, கெடுத்துப் போட்டியே," என்று சிவக்கொழுந்து பையோடு அப்படியே படியில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர்.

ஜொய்சி திகைத்துப்போனாள். வேட்டித்துணிக்காக ஒரு மனுசி அழுவாளா?

அப்போது கரையில் எஞ்சின் சத்தம் கேட்டது. ஒரு படகு மணலில் ஏறி நின்றது. அதிலிருந்து குதித்தவர், இடுப்புவரை நனைந்த சாரத்தோடு படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். பஸ்ரியாம்பிள்ளை!

"ஜொய்சி! பிள்ளைக்கு என்னடி? ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனதே?"

"அப்பா..." அவள் தோளில் கிடந்த பிள்ளை கொட்டாவி விட்டது.

அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கதிரையில் பொத்தென்று விழுந்தார்.

"என்ரை மாதாவே! ரெண்டு நாளா கொடியிலை ஒரு துணியும் இல்லை. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டிலை துணி காயேல்லை எண்டால் என்னெண்டு நினைக்கிறது? உன்ரை துணி தோய்ச்சவன் நான், எனக்குத் தெரியாதே?"

"கொடி உங்களுக்கு எப்பிடி அப்பா...?"

அவர் தலையைக் குனிந்தார். "வலை இழுத்துக்கொண்டு இந்தக் கரையாலைதானே போறனான். ஒவ்வொரு நாளும் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, பதினாறையும் எண்ணிப்போட்டுத்தான் போறது."

ஜொய்சி அழுதுகொண்டே பிள்ளையை அந்த ஈரக் கைகளில் வைத்தாள். பிறகு மெதுவாக மாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமி, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

சிவக்கொழுந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் கொடியை அவிட்டுப் பின்வளவிலை கட்டு பிள்ளை. இனிப் பம்பர்ஸ் எண்டாலும் எனக்குச் சரிதான்."