கொஞ்சம் கூரை ஆணி

"உங்க வீட்டுல கூரை இருக்கா எல்விரா, இல்ல வெறும் ஆணிதான் இருக்கா?"

ஹார்டுவேர் கடை பாவ்லினோ போன வருடம் ஒருநாள் இப்படிக் கேட்டான். எல்விரா ஆணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தலை குனிந்து, வழியெல்லாம் சிரித்தபடி வீடு வந்து சேர்ந்தாள்.

இந்த மே மாதம் அவன் வேறொன்று கேட்டான். துறைமுகப் பக்கம் புதிதாகக் கடை போடப் போகிறானாம். மனைவியாக அவள் கூட வருவாளா என்றான். அவசரமில்லை, சூறாவளிக் காலத்துக்கு முன்னால் சொன்னால் போதும் என்றான். அதற்கும் அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆசை இல்லாமல் இல்லை. அப்பா கசிமிரோவை யாரிடம் விட்டுப் போவது? அம்மா போன பிறகு அவருக்கு இவள்தான், இவளுக்கு அவர்தான். அவரிடம் பேசிப் பார்க்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. கரும்பாலையின் இரைச்சல் அவர் காதுகளை எப்போதோ தின்றுவிட்டது. எதைச் சொல்வதானாலும் வலது காதருகே குனிந்து கத்த வேண்டும். பலகைச் சுவர் வீடு; தெருவே கேட்கும். போன வாரம் பேதி மருந்து குடித்தாரா என்று கத்தியதற்கு, குடித்துவிட்டார் என்று எதிர்வீட்டுக்காரி பதில் சொன்னாள்.

அதனால்தான் அவள் மழைக்குக் காத்திருப்பாள்.

வெயில் காலம் முழுக்க அந்தத் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டே இருக்கும். பகலில் விரியும், அந்தியில் சுருங்கும். ஆணிகள் மெல்ல மெல்லத் தளரும். மழை தொடங்கியதும் தகரம் முழுக்க ஒரே முழக்கம். பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் கேட்காது. உலகமே தண்ணீருக்கடியில் போய்விட்டது போலிருக்கும். அப்போது அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, சாப்பாட்டு மேசையில் கையூன்றி, எல்லாவற்றையும் சொல்வாள். அரிசி அடிப்பிடித்ததை, அம்மாவின் வாசனை அலமாரியில் இன்னும் இருப்பதை, பாவ்லினோ சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் குழி விழுவதை. அவள் குரல் அவளுக்கே கேட்காது. அப்பா கனவில் இருப்பவர்போல அவள் முகத்தையே பார்த்தபடி வாழைக்காய் மசியலை மென்றுகொண்டிருப்பார்.

மழை விட்டதும் ஏணியில் ஏறி இரண்டு தட்டுத் தட்டுவார். இறங்கி வந்து, "எங்கயோ ஒழுகுது. போயி கொஞ்சம் கூரை ஆணி வாங்கிட்டு வா" என்பார். ஒவ்வொரு மழைக்கும் இதே கதைதான்.

இனி அந்தக் கதை இல்லை. நியூயார்க்கிலிருந்து அண்ணன் ஒசிரிஸ் காங்கிரீட் தளம் போட ஏற்பாடு செய்துவிட்டான். விடிந்தால் ஆட்கள் வந்து தகரத்தைப் பிரிக்கப் போகிறார்கள். பழைய கூரையே போதுமே என்று அவள் போனில் இழுத்தபோது, ஒவ்வொரு செப்டம்பரும் கூரைக்குக் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களா என்று அவன் கேட்டான். காங்கிரீட்டுக்குக் கீழே மழை பெய்வதே தெரியாதாம். அதைப் பெருமையாகச் சொன்னான்.

அன்று மாலை கடைசி மழை கொட்டியது. அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்த திங்கோ, நனைந்தபடி ஓடி வந்து வாசற்படியில் ஒதுங்கினார். எல்விரா அவருக்கு முதுகைக் காட்டி, மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். இனி இப்படி ஒரு மழை கிடைக்காது.

"அப்பா, பாவ்லினோ என்னைக் கேட்டான். எனக்கு ரொம்ப இஷ்டம். உன்னை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? நாளைக்கு முடியாதுன்னு சொல்லிடப் போறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் வாய் அசைந்தது. மென்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்தாள்.

காலையில் தகரம் ஒவ்வொன்றாக இறங்கியது. அம்மாவின் அலமாரி மேல் முதல்முறையாக வெயில் விழுந்தது. உத்திரத்தின் மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து, வேலையாள் அவளிடம் நீட்டினான். கனமாக இருந்தது. திறந்தாள். உள்ளே முழுக்கப் புத்தம்புது கூரை ஆணிகள். சில பொட்டலங்கள் பிரிக்கப்படவே இல்லை.

"அப்பா, இதையெல்லாம் நீ அடிக்கவே இல்லயா?" என்று அவர் காதில் கத்தினாள். அவர் டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தொப்பியைத் தேட உள்ளே போனார்.

வேடிக்கை பார்க்க வந்து, அடுக்கிய தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்த திங்கோ சொன்னார்: "நேத்து அவன் அவ்வளவு சொன்னான். நீ பதிலே சொல்லலயே, மகளே."

"அப்பாவா? அந்த மழைல பேசினா யாருக்கு மாமா கேக்கும்?"

"ஆலைல உருளை ஓடுறப்ப இடி விழுந்தாக்கூடக் கேக்காது. அத்தனை வருஷம் நாங்க என்ன காதாலயா பேசிக்கிட்டோம்? அடுத்தவன் வாயைப் பாத்தே பேசினோம். அதுல உங்கப்பனை மிஞ்ச ஆளே கிடையாது. நீ முதுகைக் காட்டிட்டு நின்ன, நீ சொன்னது எனக்குத் தெரியாது. அவன் சொன்னது தெரிஞ்சுது."

எல்விரா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன சொன்னாரு?"

"'எனக்குச் சோறாக்கத் தெரியும். இவளுக்குத்தான் சரின்னு சொல்லத் தெரியல. எத்தனை தடவைதான் அனுப்புறது? காலைல நானே போறேன்'னான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் மழித்து, தொப்பி வைத்து, ஆணி டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்பா படியிறங்கி, பாவ்லினோவின் கடை இருக்கும் தெருவுக்குள் திரும்பினார்.