நடை வேகத்தில் ஒரு கார்

“திரும்பிப் பாராதேங்கோ. நடவுங்கோ. கெதியா!”

மங்கையற்கரசி கணவனின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். நவரட்ணத்தின் இடது கால் உறைபனியில் சறுக்கியது.

“என்ன மங்கை? வேலைக்கு இன்னும் நேரமிருக்கு.”

“பின்னால கார் ஒண்டு. நாங்கள் வாசலால இறங்கினதிலயிருந்து வருது.”

“றோட்டெண்டால் கார் வரும்தானே.” சிரித்தான்.

“எங்கட நடைக்கு வருதப்பா!”

நவரட்ணத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

எண்பத்தேழாம் ஆண்டின் ஜனவரிக் காலை. அவர்கள் அகதிகளாக வந்து சேர்ந்திருந்த பார்க்டேலின் அந்தக் குறுக்குத் தெருவில் ஈ காக்கை இல்லை. வழித்து ஒதுக்கிய பனி, நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவே இடுப்பளவுக்கு மதில் கட்டியிருந்தது. மதிலுக்கு அப்பால் இரண்டு வெளிச்சங்கள் ஊர்ந்து வந்துகொண்டிருந்தன.

“ஆரும் வீட்டு நம்பர் தேடுறானாக்கும்.”

“நாங்கள் மூலையில திரும்பினம், அவனும் திரும்பினான். நான் சப்பாத்துக் கட்ட நிண்டன், அவனும் நிண்டான். உதென்ன நம்பர் தேடுறது?”

“வயசுபோன மனிசனாயிருக்கும். பனியெண்டு மெதுவா ஓடுது.”

“இந்த ஊர்ச் சனத்தை எனக்குத் தெரியாதே? ரீவியை மாத்தவும் எழும்பாதுகள், அதுக்கும் கையில றிமோட். உங்கட மிசிசாகா மச்சானைப் பாருங்கோ, முன்கடையில பால் வாங்கவும் காரிலதான் போறார். நடக்கப் பஞ்சியிலதானே உவங்கள் கார் வாங்கிறது? பிறகேன் ஒருத்தன் நடக்கிற வேகத்தில கார் ஓடுறான்? சொல்லுங்கோ பாப்பம்.”

நவரட்ணம் நடையை எட்டிப் போட்டான். இருவருக்கும் தெரிந்த பதில் ஒன்று இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன், ஊரில், கோண்டாவில் ஒழுங்கையில், இப்படித்தான் ஓர் இராணுவ ஜீப் நடை வேகத்தில் அவன் பின்னால் வந்தது. ஜன்னலால் ஒரு கை நீண்டு, ‘இவன்தான்’ என்று காட்டியது. அவ்வளவுதான். மாதக்கணக்கில் முகாமில் கிடந்து அவன் திரும்பி வந்தபோது, இடது கால் அவன் சொல் கேட்பதை நிறுத்தியிருந்தது.

“மேல்மாடிப் பஸ்ரியன் அண்ணை சொன்னவர்,” அவளுக்கு மூச்சு வாங்கியது. “இஞ்சயும் ஆமிக்காரர் ஆக்களை விட்டு எங்கட ஆக்களைத் தேடுகினமாம்.”

“பஸ்ரியனுக்கு வேற வேலையில்லை. கீழ உடுப்புத் தோய்க்கிற மெசின் சுத்தி முடியுமட்டும் அந்தாளுக்கு வாய் சுத்தும்.”

சொன்ன வாயோடு திரும்பிப் பார்த்துவிட்டான். முகம் வெளிறியது. மங்கையற்கரசியும் பார்த்தாள்.

காதுமடல் விறைக்கும் அந்தக் குளிரில், ஓட்டுபவனின் பக்கத்து ஜன்னல் முழுதாகத் திறந்திருந்தது. அதனூடாக ஒரு கை வெளியே நீண்டிருந்தது.

அதே மாதிரி ஒரு கை!

“ஓடுங்கோ!”

“என்ர கால் ஓடாது மங்கை. நீ ஓடு. குயின் வீதிக்குப் போட்டால் சனம் நிக்கும். அவங்களுக்கு வேண்டியது நான்தானே.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. அண்டைக்குக் கதவுக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருந்தது போதும். இன்னொருக்கா உங்களைக் குடுக்க மாட்டன்!”

இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தது. பலங்கொண்ட மட்டும் அவனை அதற்குள் தள்ளினாள். அதற்குப் பிறகு அவள் யோசிக்கவே இல்லை. பனி மதிலில் தவழ்ந்து ஏறி, மறுபுறம் உருண்டு, தெருவில் போய் விழுந்தாள். எழும்பினாள். இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு காருக்கு நேர் முன்னால் நின்றாள்.

கார் குலுங்கி நின்றது. அவள் முழங்காலுக்கும் அதற்கும் ஒரு முழந்தான் இடைவெளி.

“அவரை விடு! என்னைக் கொண்டு போ!”

தமிழில்தான் கத்தினாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உள்ளே ஒரு பெரிய உருவம் அசைந்தது. இறங்கவில்லை. நீட்டிய கையை உள்ளே இழுக்கவும் இல்லை.

“மங்கை, விலத்து! விலத்தடி!”

நவரட்ணம்! யாரோ வீட்டு வாசலில் சாத்தி வைத்திருந்த பனி வழிக்கும் சவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி ஓடி வந்து, பனி மதிலில் சறுக்கி இறங்கினான். காரைச் சுற்றிக்கொண்டு ஜன்னலடிக்குப் போனான். சவளைத் தலைக்கு மேலே ஓங்கினான்.

ஓங்கிய சவள் அந்தரத்தில் நின்றது.

உள்ளே, இரவு உடுப்போடு, ஸ்டியரிங் வயிற்றில் புதைந்து கிடக்க ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். மடியில் வைத்திருந்த கோப்பி கொட்டிப்போயிருந்தது. சவளைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் படபடவென்று ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” மங்கையற்கரசியின் பற்கள் கிட்டின. “ஆர் அனுப்பினதாம்?”

நவரட்ணம் சவளை மெல்ல இறக்கினான். அந்த மனிதரின் கையில் சுற்றியிருந்த தோல் வாரைக் காட்டினான். வாரின் மறுமுனையில், கார்ச் சில்லோடு ஒட்டிக்கொண்டு, பூசணிக்காய் போல ஒரு குட்டை நாய் நின்று வாலாட்டியது.

“நாய் வரவரக் கொழுக்குதாம் மங்கை. ஒவ்வொரு நாளும் நடக்க வேணுமெண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டாராம். அதுதான் நடத்திக்கொண்டு போறாராம்.”