பின்னாலிருந்து ஒரு முட்டு

ஏழாவது முறையாக ஹார்லன் தன் டிரக்கின் மூக்கால் வெண்டலின் டிரக்கைப் பின்னாலிருந்து முட்டினான். பைன் ரிட்ஜ் பந்தயத் திடலில் இருந்த நாலாயிரம் பேரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

"விடாதே ஹார்லன்! அவனைச் சுவத்துல சாத்து!"

"வெண்டல், மிதிச்சுப் போ! இன்னும் பதினோரு சுத்துதான்!"

மூன்றாவது வரிசையில் நடீன் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். மடியில் அவித்த கடலை ஆறிப்போய்க் கிடந்தது. முட்டுகிறவன் கூடப்பிறந்த அண்ணன். முட்டு வாங்குகிறவன் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். யாருக்கென்று கை தட்டுவாள்?

எல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தது. "ஒரு ரேஸ்கூட ஜெயிக்காதவன் நம்ம லெட்ஃபோர்ட் வீட்டுப் பொண்ணைக் கேக்க வந்துட்டானா?" என்று ஹார்லன் பொரித்த கோழியைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

வெண்டல் ரோஷக்காரன். "இதே பைன் ரிட்ஜ்ல ஜெயிச்சுட்டுத்தான் அவளை சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

அன்றிலிருந்து வெண்டல் முன்னால் வந்தபோதெல்லாம் பின்னாலேயே ஹார்லனும் வந்தான். போன கோடையில் கடைசிக்கு முந்தின சுற்றில் ஒரு முட்டு முட்டி, வெண்டலைப் பம்பரமாகச் சுழலவிட்டான். அன்றைக்கு நடீன் அண்ணனோடு பேச்சை நிறுத்தினாள். பதினோரு மாதமாக, ஒரே மேஜையில் சாப்பிட்டும், உப்பை எடு என்றுகூட அவனிடம் கேட்டதில்லை.

"ஹார்லன், கொஞ்சம் அடக்கி ஓட்டுப்பா" என்று இப்போது ரேடியோவில் கெஞ்சினான் அவனுடைய மெக்கானிக் எமெட். "திருப்பத்துல ரொம்ப வேகமா நுழையறே. முன் சக்கரத்துல புகை வருது."

"வரட்டும். இவன் ஜெயிச்சா நான் கோட்டு மாட்டிக்கிட்டு சர்ச்சுல நிக்கணும். அது நடக்காது."

கடைசிச் சுற்று. வெண்டல் நாலு வண்டி நீளம் முன்னால் இருந்தான். கடைசித் திருப்பத்தையும் தாண்டி நேர்ச் சாலைக்கு வந்துவிட்டான். அப்போதுதான் அவன் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

எல்லைக் கோடு முந்நூறடி தூரத்தில் தெரிந்தது. டிரக் உருள உருள வேகம் குறைந்தது. வெண்டல் ஸ்டியரிங்கைக் குத்தினான். வெளிப்பக்கம் ஒரு சுற்று பின்தங்கிய வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது; உள்பக்கம் சுவர். நடுவில் அவன். பின்னால் திருப்பத்திலிருந்து சீறிக்கொண்டு வந்தான் ஹார்லன்.

நடீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

டமால்!

ஆனால் இந்த முறை வெண்டலின் டிரக் சுழலவில்லை. முட்டு நட்ட நடுவில் விழுந்திருந்தது. முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல நேராகத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்ட வைத்துவிட்டது. ஜெயித்தவனுக்கு ஆட்டும் கட்டம் போட்ட கொடி வெண்டலுக்கு விழுந்தது. ஹார்லன் இரண்டாவது.

கோட்டைத் தாண்டியும் ஹார்லன் விடவில்லை. ஒட்டிய மூக்கை எடுக்காமல் அரைச் சுற்று தள்ளிக்கொண்டே போனான். எதிர்ப்புறம் போய் வெண்டல் பிரேக்கை அழுத்திய பிறகுதான் இரண்டு வண்டியும் நின்றன.

ஒலிபெருக்கிக்காரர் மைக்கில் கத்தினார். "என்ன மனசுய்யா இந்த ஆளுக்கு! தங்கச்சிக்காக எதிரியை ஜெயிக்க வச்சுட்டு, ஊர்வலம் வேற கூட்டிட்டுப் போறான் பாருங்க!" சுவரில் சாத்தச் சொன்ன ஆளே தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெண்டல் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவந்தான். ஹார்லன் வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மச்சான்!" என்று வெண்டல் அவனைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டான்.

"இருடா, நான் வந்து... நீ நினைக்கற மாதிரி..."

சொல்லி முடிப்பதற்குள் நடீன் வேலி தாண்டி, புல்வெளியில் குறுக்கே ஓடிவந்து, எண்ணெயும் வியர்வையுமான அவன் தோளில் முகத்தைப் புதைத்தாள். "அண்ணே! உன்னைப் போய் என்னென்னமோ நினைச்சுட்டேனே. மன்னிச்சுடுண்ணே."

பதினோரு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல். ஹார்லனின் திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது. கை தானாக எழுந்து அவள் தலையைத் தடவியது.

"கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா என் பக்கத்துல நீதான் நிக்கணும்" என்றான் வெண்டல்.

"நிக்கறேன்" என்றான் ஹார்லன். "கோட்டு மட்டும் சாம்பல் நிறத்துல எடுங்க. கறுப்பு எனக்கு எடுப்பா இருக்காது."

வெண்டலும் நடீனும் கை கோத்துக்கொண்டு பரிசு மேடைப் பக்கம் ஓடினார்கள். கூட்டமும் அவர்கள் பின்னாலேயே போனது.

அதற்குள் ஓடிவந்திருந்த எமெட் மட்டும் ஹார்லனின் டிரக்கின் முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். எழுந்து ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து, மிதிகட்டையைக் கையால் அழுத்திப் பார்த்தான். பிறகு வாயைப் பிளந்தபடி நிமிர்ந்தான்.

ஹார்லன் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தான்.

"பிரேக் போச்சுன்னு எவன்கிட்டயாவது சொன்னே, கொன்னுடுவேன்!"